விண்டோஸ் 11-க்கு மாறலாமா: மூன்று கணினிகள், மூன்று முடிவுகள்

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே என் திரையை முழுவதுமாக மறைத்துக்கொண்டு, விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லும் ஓர் அறிவிப்பு அவ்வப்போது வந்து நிற்கும். நானும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் பொத்தானைத் தேடி அழுத்திவிட்டு வேலையைத் தொடர்வேன். மொழிபெயர்ப்பதும், சிறிய பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை அச்சுக்கு ஆயத்தம் செய்து கொடுப்பதும் என் தொழில் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை மாற்றியமைப்பது எனக்கு ஓடுகிற கிரைண்டரில் கைவிடுவதைப் போன்ற அச்சத்தைத் தரும். வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன. 2019-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று, 2017-இல் உதிரிபாகங்கள் வாங்கிச் சேர்த்துக் கட்டிய மேசைக்கணினி ஒன்று, 2013-இலிருந்து அப்பா பயன்படுத்திவரும் பழைய மேசைக்கணினி ஒன்று. மூன்றுக்கும் ஒரே முடிவை எடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன், அது நடக்கவில்லை.

முதலில் ஒரு பழைய கதை. விண்டோஸ் 10 வெளிவந்த 2015-ஆம் ஆண்டில், இதுவே கடைசி விண்டோஸ் என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையில் பேசியது உலகெங்கும் செய்தியாகிப் பரவியது. இனி இந்தத் தலைவலி இல்லை என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. 2021 அக்டோபர் 5-இல் விண்டோஸ் 11 வந்தது. புதிய இயங்குதளம் வந்ததைவிட, அதற்கு வைக்கப்பட்ட தகுதி நிபந்தனைகள்தாம் பலரை அதிர வைத்தன. 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசசர், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்குக் கீழே இருந்தால் தகுதியில்லை என்றார்கள். அதோடு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸுக்கு மாற்றாக வந்த யுஇஎஃப்ஐ முறையும் இருந்தாக வேண்டும். மறையாக்கத்துக்கான (என்கிரிப்ஷன்) சாவிகளை இயங்குதளத்துக்கு வெளியே தனியாகப் பூட்டி வைப்பதுதான் அந்தச் சில்லின் வேலை.

இந்த நிபந்தனையைப் படித்துவிட்டுத் தம் கணினிக்குத் தகுதியில்லை என்று முடிவு கட்டிவிடுபவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாகச் சேர்த்துக் கட்டிய மேசைக்கணினிகள் பலவற்றில் டிபிஎம் வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள் சென்று இன்டெல் மதர்போர்டாக இருந்தால் பிடிடி என்றும், ஏஎம்டி மதர்போர்டாக இருந்தால் எஃப்டிபிஎம் என்றும் இருப்பதை இயக்கினால் போதும். மைக்ரோசாஃப்ட் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ என்னும் சிறு மென்பொருளை நிறுவி ஓட்டினால், எந்த நிபந்தனையில் கணினி தோற்கிறது என்பதை அது தனித்தனியாகக் காட்டிவிடும். டிபிஎம்மில் தோற்றால் வழியிருக்கக்கூடும். ப்ராசசரில் தோற்றால் நேர்வழி கிடையாது. என் மடிக்கணினி எல்லாவற்றிலும் தேறியது. ஏழாம் தலைமுறை ஐ5 பொருத்திய மேசைக்கணினி, 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகமும் வைத்துக்கொண்டு மடிக்கணினியைவிட வேகமாக ஓடியும், ப்ராசசரில் தோற்றது. அப்பாவின் கணினியைச் சோதிக்கவே தேவையிருக்கவில்லை.

மாறாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் முதற்கேள்வி. மறுநாளே கணினி நின்றுவிடாது. எல்லாம் முன்போலவே ஓடும். ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். 2017 மே மாதம் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னக்ரை தாக்குதலை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அது புகுந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்டவர்கள்தாம் பெரும்பாலும் மாட்டினார்கள். பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. ஆதரவு நின்ற இயங்குதளம் என்பது, எல்லா மாதங்களும் அந்த இரண்டு மாத இடைவெளியாகவே நீளும் நிலை. வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர்களின் கையெழுத்துப் பிரதிகளும் இருக்கும் கணினியை அந்த நிலையில் விட எனக்கு மனம் வரவில்லை.

மடிக்கணினியை 2025 செப்டம்பரில் மாற்றினேன். மேம்படுத்தல் இலவசம். முதலில் பழையதன் மேலேயே ஏற்றிப் பார்த்தேன். கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. பிடிக்காவிட்டால் பத்து நாள்களுக்குள் பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடலாம் என்னும் வசதியும் இருந்தது. இந்தப் பத்து நாள் கெடுவைப் பலர் கவனிப்பதில்லை. ஆகையால் நெருக்கடியான வேலை ஏதும் இல்லாத வாரத்தில் இதைத் தொடங்கி, அன்றாடம் பயன்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளையும் கருவியையும் அந்தக் கெடுவுக்குள் ஒருமுறையாவது இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது. ஒன்பதாம் நாள், மாறுவது என்று உறுதி செய்துகொண்டு, ஆறாண்டுக் குப்பையை எதற்குச் சுமக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்துவிட்டு, வட்டைத் துடைத்துப் புதிதாகவே நிறுவினேன்.

இனி இயங்குதளத்தைப் பற்றி. ஏழு மாதப் பழக்கத்துக்குப் பின் சொல்வதானால், இது விண்டோஸ் 10-க்கு வெள்ளையடித்துக் கதவு சன்னல்களை இடம் மாற்றிய வீடு. அடித்தளம் பெரிதாக மாறவில்லை. ஆகவேதான் விண்டோஸ் 10-இல் ஓடிய மென்பொருள்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடுகின்றன. ஆனால் சன்னலை யார் இடம் மாற்றச் சொன்னார்கள் என்னும் எரிச்சல் முதல் இரண்டு வாரங்கள் ஓயாது. தொடக்கப் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அதை இடப்பக்கத்துக்குத் தள்ள அமைப்புகளில் வழியுண்டு. ஆனால் பணிப்பட்டையை (டாஸ்க்பார்) திரையின் பக்கவாட்டில் நிறுத்தும் வசதியைப் பறித்துவிட்டார்கள். நீளமான புத்தகப் பக்கங்களோடு வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்குத் திரையின் உயரம் ஒவ்வொரு அங்குலமும் தேவை என்பதால், பல ஆண்டுகளாகப் பட்டையை இடப்புறம் நிறுத்தியே பழகியிருந்தேன். இப்போது அதைத் தானாக மறைந்துகொள்ளும்படி வைத்து ஒப்பேற்றுகிறேன்.

வலப்பொத்தானைச் சொடுக்கினால் வரும் பட்டி இன்னொரு தொல்லை. வெட்டு, படியெடு, ஒட்டு என்று வரிவரியாக இருந்தவை ஒரே வரிசையில் சிறு படங்களாகச் சுருங்கிவிட்டன. நமக்கு வேண்டிய மற்றவை ‘மேலும் காட்டு’ என்பதற்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி சொடுக்கினால் பழைய பட்டியே நேராக வரும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வேர்ட்பேட் நீக்கப்பட்டுவிட்டது. தொடக்கப் பட்டியில் பாதி இடத்தைப் ‘பரிந்துரைகள்’ என்னும் பகுதி பிடித்துக்கொள்கிறது. நான் நேற்று திறந்த கோப்பை எனக்கே பரிந்துரைப்பதில் என்ன பயன் இருக்கிறது என்பது இன்னும் விளங்கவில்லை.

நல்லவற்றையும் சொல்ல வேண்டும். கோப்புலாவியில் உலாவிகளில் இருப்பதைப் போலத் தத்தல்கள் (டேப்கள்) வந்திருப்பது, ஒரே நேரத்தில் நான்கு புத்தகங்களின் கோப்புறைகளைத் திறந்து வைத்திருக்கும் எனக்கு உண்மையான உதவி. மூலத்தை இடப்பக்கமும் மொழிபெயர்ப்பை வலப்பக்கமும் அகராதியை ஒரு மூலையிலும் நிறுத்த, விண்டோஸ் விசையோடு இசட் விசையை அழுத்தினால் போதும். சாளரங்களைச் சுட்டியால் இழுத்து இழுத்து அளவு பார்த்த வேலை ஒழிந்தது. நோட்பேட், சேமிக்காமல் மூடிய குறிப்பைக்கூட அடுத்த முறை திறக்கும்போது அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. மின்வெட்டு அன்று இதன் அருமை தெரிந்தது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு விடை சுருக்கமானது: இதற்காக மாற வேண்டியதும் இல்லை, இதற்காக அஞ்ச வேண்டியதும் இல்லை. தமிழ்99 விசைப்பலகையும் ஒலிப்பு முறை விசைப்பலகையும் விண்டோஸ் 10-இல் இருந்தபடியே இதிலும் இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளலாம். யூனிகோடு எழுத்துருக்கள் ஒன்றும் கெடவில்லை.

எனக்குச் சிக்கல் வந்தது அச்சுப்பொறியில். பத்தாண்டுக்கு மேல் உழைத்துவரும் லேசர் அச்சுப்பொறி அது. நிறுவனம் கொடுத்திருந்த பழைய இயக்கி (டிரைவர்) மென்பொருளைப் புதிய இயங்குதளத்தில் ஏற்ற முடியாமல், விண்டோஸ் தானாகத் தேடிக்கொடுத்த பொதுவான இயக்கியை வைத்து ஒரு மெய்ப்புப் படியை அச்சிட்டேன். ஆங்கில வரிகள் ஒழுங்காக வந்தன. தமிழ் வரிகளிலோ கொம்புகளும் கால்களும் இருக்க வேண்டிய இடங்களில் வெற்றுக் கட்டங்கள். ‘கொடுத்தான்’ என்னும் சொல் பல் விழுந்த வாய்போல இளித்தது. பிடிஎஃப் மென்பொருளின் அச்சிடும் பெட்டியில், படமாக அச்சிடு என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு எழுத்துகள் முழுதாக வந்தன. வேகம் மட்டும் குறைந்தது. நாற்பது பக்கத்துக்கு ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். பழைய அச்சுப்பொறியோ ஸ்கேனரோ வைத்திருப்பவர்கள், அதன் புதிய இயக்கி கிடைக்கிறதா என்பதை மாறுவதற்கு முன்பே பார்த்துவிடட்டும்.

அச்சுப்பொறியைவிடப் பெரிதாகக் கலங்க வைத்த நிகழ்ச்சி நவம்பரில் நடந்தது. அதற்கு என் கவனக்குறைவே காரணம். ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். அவசரத்தில், அதிகம் பயன்படுத்தாத ஒரு மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்கைத் தொடங்கிவிட்டு மறந்துபோனேன். விண்டோஸ் 11-இன் 24எச்2 என்னும் ஆண்டுப் பதிப்பிலிருந்து, அப்படிக் கணக்கோடு புதிதாக நிறுவினால் வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டுவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒருநாள் பயாஸைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால், நீலத்திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய கோப்பு உள்ளே இருக்கிறது. வழக்கமாகக் கணினி பழுது பார்த்துத் தரும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். “அக்கா, பதறாதீங்க. எந்த மெயில்ல அக்கவுண்ட் போட்டீங்கன்னு மட்டும் யோசிங்க. சாவி அதுக்குள்ளதான் இருக்கும். அந்த மெயிலே ஞாபகம் இல்லைன்னாதான் என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மீட்டெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கைப்பேசியில் கணக்கைத் திறந்து, திரையில் தெரிந்த அடையாளக் குறியோடு ஒப்பிட்டு, ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டியபோதுதான் கணினி திறந்தது. அந்தச் சாவியை இப்போது தாளில் எழுதி, குடும்ப அட்டை இருக்கும் உறையில் வைத்திருக்கிறேன். மடிக்கணினி திருட்டுப்போனால் உள்ளிருப்பவை யார் கையிலும் சிக்காது என்ற வகையில் மறையாக்கம் நல்லதுதான். உரியவருக்கே தெரியாமல் போடப்படும் பூட்டு என்பதுதான் என் குறை.

மேசைக்கணினிக்கு வருகிறேன். தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றக் குறுக்குவழிகள் உண்டு. ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளால் நிபந்தனைச் சோதனையைத் தாண்டும் நிறுவல் பென்டிரைவை எளிதாக உருவாக்கலாம். அதை ஏன் தவிர்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்படி நிறுவிய கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. பாதுகாப்புத் திருத்தத்துக்காகவே மாறுகிறோம் என்னும்போது, அது வருமா வராதா என்று தெரியாத ஏற்பாட்டுக்குள் போவதில் பொருளில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு மாற்றத்தையும் ஒவ்வொரு முறையும் நாமே கையால் ஏற்ற வேண்டியிருக்கும். பொழுதுபோக்குக் கணினியென்றால் முயன்று பார்த்திருப்பேன். பிழைப்பு நடக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

புதுக் கணினி வாங்கிவிடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. எட்டு ஆண்டுகளாகியும் முந்நூறு பக்கப் புத்தகத்தை மூச்சு வாங்காமல் திறக்கும் இயந்திரத்தை, ப்ராசசரின் பெயரில் ஓர் எண் குறைகிறது என்பதற்காகத் தூக்கிப் போட எனக்கு ஒப்பவில்லை. ஆகவே நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் அதைச் சேர்த்தேன். வீட்டுப் பயனர்களுக்கான இந்தத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களைத் தருகிறது. கட்டணம் 30 டாலர். கணினியின் அமைப்புகளைக் கணக்கோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டாலோ, மைக்ரோசாஃப்டின் வெகுமதிப் புள்ளிகள் ஆயிரம் இருந்தாலோ பணம் கட்ட வேண்டியதில்லை. கணினியில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும் என்பதும், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர முடியாது என்பதும் நிபந்தனைகள். ஒரே உரிமத்தைப் பத்துக் கணினிகள் வரை பயன்படுத்தலாம். அமைப்புகளில் புதுப்பித்தல் பக்கத்தில் இதற்கான இணைப்பு இருக்கிறது. நான் ஒத்திசைவு வழியில் சேர்ந்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த வசதி இருக்கும் செய்தி அந்த முழுப்பக்க அறிவிப்புகளைப் போல உரக்கச் சொல்லப்பட்டிருந்தால், பலர் அவசரப்பட்டுப் புதுக் கணினி வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸ் 11-இன் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் ஹோம், ப்ரோ பயனர்களுக்குக் கிடைக்கும் ஆதரவு 24 மாதங்கள்தாம். நான் மடிக்கணினியில் முதலில் ஏற்றிய 24எச்2 பதிப்புக்குக் கெடு முடியும் நாளும் அதே 2026 அக்டோபர் 13. அடுத்த பதிப்பான 25எச்2-க்கு மாறியது சிறிய பதிவிறக்கத்தோடு முடிந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் ஒருமுறை மாறிவிட்டால் பத்தாண்டு நிம்மதி என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அப்பாவின் கணினி தனிக்கதை. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 32 பிட் விண்டோஸ் 10. அதை அப்படியே வைத்திருந்ததற்குக் காரணம் அப்பா மட்டுமல்லர். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோத்த புத்தகங்கள், மறுபதிப்புக்காக இன்றும் என்னிடம் வருகின்றன. அவற்றுக்கான எழுத்துருக்களோடும் விசைப்பலகையோடும் வந்த பழைய தமிழ் மென்பொருளின் நிறுவிக் கோப்பு 16 பிட்டில் எழுதப்பட்டது. 16 பிட் நிரல்களை 32 பிட் விண்டோஸால் இயக்க முடியும். 64 பிட் விண்டோஸால் முடியாது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் வடிவமே கிடையாது. மடிக்கணினியில் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கிப் பார்த்தேன். இந்தக் கணினியில் இதை இயக்க முடியாது என்று ஒரு நீலப் பெட்டி வந்து போனது. இப்படிப்பட்ட பழைய மென்பொருளை நம்பி வேலை நடக்கும் அச்சகங்களும் தட்டச்சுக் கடைகளும் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். அவர்கள் மாறுவதற்கு முன் இதை ஒருமுறை சோதிக்காவிட்டால் பத்து நாள் கெடுவுக்குப் பிறகு வருந்த நேரும்.

ஆகவே அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறிய எஸ்எஸ்டியைப் புதிதாகப் பொருத்தி, அதில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் மின்ட் 22-ஐ நிறுவிக் கொடுத்தேன். உபுண்டு 24.04 என்னும் இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட அதற்கு 2029 வரை திருத்தங்கள் வரும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். அந்தக் காலத்து லினக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடியவர்கள், இன்றைய மின்ட்டை ஒருமுறை பார்ப்பது தகும். அப்பாவுக்கு வேண்டியவை செய்தித்தாள், யூடியூப், தமிழ்99-இல் கடிதம் எழுதுவது ஆகிய மூன்றுதான், மூன்றும் நடக்கின்றன. முதல் நாள், “இதென்னம்மா, பொத்தானெல்லாம் பழைய இடத்துலயே இருக்கு?” என்றார். விண்டோஸ் 11-இல் எனக்குக் கிடைக்காத பாராட்டு அது.

பழைய ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றவில்லை. மறுபதிப்பு வேலை வரும்போது இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, தொடங்கும் நேரத்தில் எஃப்12 விசையை அழுத்தி அதிலிருந்து கணினியைத் திறக்கிறேன். கோப்பை யூனிகோடுக்கு மாற்றிப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறேன். சென்ற வாரம்கூட ஒரு சமையல் புத்தகம் அப்படித்தான் வெளியே வந்தது. மேசைக்கணினிக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அக்டோபரில் அதற்கும் மின்ட் போடுவதா, மதர்போர்டை மட்டும் மாற்றுவதா என்று தம்பியிடம் விலை கேட்டிருக்கிறேன்.